நீங்கள் இருக்கும்போதே வீடு பார்க்க வருவார்கள் (டர்பன்)

டர்பனில் முதல் வாடகை வீட்டைக் காலி செய்யப்போகிறவர்களுக்கு இது. நோட்டீஸ் கொடுத்த வாரமே ஏஜென்ட் அடுத்த ஆட்களைக் கூட்டிவர ஆரம்பித்துவிடுவார். நாம் இன்னும் பாத்திரத்தைக்கூட மூட்டை கட்டியிருக்க மாட்டோம்.

டர்பனின் மஸ்கிரேவ் பகுதியில் நான் இருந்த ஃப்ளாட்டில் ஒரு சனிக்கிழமை காலை. தலையில் நல்லெண்ணெய் சொட்ட, இடுப்பில் துண்டோடு நிற்கிறேன். வெளியே கம்பிக்கதவு திறக்கும் சத்தம். ஏஜென்ட், மாற்றுச்சாவியோடு! பின்னால் ஒரு தம்பதி, ஒரு குழந்தை. அந்த அம்மா பாவம், என்னைப் பார்க்காமல் கீசரைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். அதோடு விட்டார்களா? மறுவாரம் விளம்பரத்தில் என் பூஜை அலமாரி, வெள்ளி விளக்கு, மேஜைமேல் லேப்டாப் எல்லாம் படமாக வந்திருந்தது, கட்டடத்தின் பெயரோடு. திருட்டுக்குப் பயந்து வீட்டுக்கு வீடு கம்பி போட்டிருக்கும் ஊரில் இது வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிற வேலை.

தென்னாப்பிரிக்காவின் 1999ஆம் ஆண்டு வாடகை வீட்டுச் சட்டப்படி குத்தகைக் காலம் முடியும்வரை வீட்டுக்குள் தனிமை நம் உரிமை. உரிமையாளர் வீட்டைப் பார்வையிடலாம், ஆனால் நியாயமான முன்னறிவிப்பு தரவேண்டும். எத்தனை மணி நேரம் என்று சட்டம் எண்ணிச் சொல்லவில்லை. அதனால் லீஸில் கையெழுத்துப் போடும்போதே ‘24 மணி நேரம் முன்பு’ என்று எழுதி வாங்குங்கள். ஓனர் பெயர் கவெண்டர், பிள்ளை என்று தமிழ்ப் பெயராக இருந்தாலும், ‘நம்மவர்தானே’ என்று விட்டுவிடாதீர்கள். நான் விட்டேன்.

அதற்காக ஒரேயடியாக மறுக்கவும் வேண்டாம். புது ஆட்களுக்கு வீட்டைக் காட்டலாம் என்று லீஸிலேயே பெரும்பாலும் இருக்கும், டெபாசிட்டும் ஓனர் கையில். நான் அப்புறம் வாட்ஸாப்பில் எழுதினேன்: செவ்வாய், வியாழன் மாலை ஐந்தரை முதல் ஆறரை, சனி பத்து முதல் பன்னிரண்டு, நான் இருக்கும்போது மட்டும், படம் எடுக்கக் கூடாது. ஏஜென்ட் முனகினார், ஆனால் மீறவில்லை. பாஸ்போர்ட்டும் நகையும் பூட்டிய பெட்டியில் இருக்கட்டும். கேட்காமல் வருவது தொடர்ந்தால் மாகாண வாடகைத் தீர்ப்பாயத்தில் புகார் தரலாம், கட்டணம் இல்லை.

டெபாசிட்டையும் சொல்லிவிடுகிறேன். லீஸ் முடிவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் ஓனரும் நாமும் சேர்ந்து வீட்டைப் பார்க்கவேண்டும். சேதமும் பாக்கியும் இல்லையென்றால் 7 நாட்களில் வட்டியோடு திரும்ப வரவேண்டும்.

சரி, நாளை நீங்களும் இன்னொருவர் வீட்டைப் பார்க்கப் போவீர்கள். ஏஜென்ட் பால்கனிக்குப் போகும் நேரம் பார்த்து, அங்கே குடியிருப்பவரிடம் தண்ணீர் எப்படி வருகிறது, ஓனர் எப்படி என்று கேட்டுவிடுங்கள். என் வீட்டுக்கு வந்தவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.