சொந்த டொமைனால் லொகின் பண்ணப் போனால் உள்ளே விடுகுதில்லை – உதவி தேவை

திருநெல்வேலிச் சந்தி:
வணக்கம். தளத்துக்கு ஒரு பாஸ்வேர்ட் வைத்து அலுத்துப்போய், இரண்டு வருடமாக என் சொந்தத் தள முகவரியையே அடையாளமாக வைத்து லொகின் பண்ணுகிறேன். இண்டிஆத் முறை. முகவரியைத் தட்டினால், நிரல்களைப் போட்டுவைக்கும் கிட்ஹப் தளத்தில் உள்ள என் கணக்குக்குக் கொண்டுபோகும், அங்கே 'ஓம்' கொடுத்தால் சரி. போன கிழமை ஹோஸ்டிங்கை மாற்றினேன். கையோடு தளத்தின் தீமையும் மாற்றினேன் (கெட்டதை அல்ல, தோற்றத்தை). அன்றிலிருந்து எங்கே போனாலும் 'உள்நுழைய வழி எதுவும் கிடைக்கவில்லை' என்று வருகிறது. என்ன பிழை?

பனங்கிழங்கு:
பழைய தீமின் தலைப்பகுதியில் 'ரெல் மீ' ('இதுவும் நான்தான்' என்று சொல்லும் குறி) என்று போட்ட கிட்ஹப் இணைப்பு இருந்திருக்கும். தீமோடு அதுவும் போயிருக்கும். முகப்புப் பக்கத்தின் சோர்ஸைத் திறந்து தேடிப் பாருங்கள்.

திருநெல்வேலிச் சந்தி:
உண்மைதான், காணவில்லை. திரும்பப் போட்டேன். இன்னும் அதே பதில்தான்.

பழைய கை:
தம்பி, உங்கள் தளம் கிட்ஹப்பைக் காட்டினால் மட்டும் போதாது. கிட்ஹப் புரொபைலும் உங்கள் தளத்தைத் திருப்பிக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் எவனும் அடுத்தவன் கிட்ஹப்புக்கு ஒரு இணைப்பைப் போட்டுவிட்டு 'அது நான்தான்' என்று சொல்லலாமே. புரொபைலில் வெப்சைட் பெட்டிக்குள் இப்போது என்ன இருக்கிறது?

திருநெல்வேலிச் சந்தி:
அட, அதில் கடையின் பேஸ்புக் பக்கத்தைப் போட்டிருக்கிறேன் அண்ணை. நோன்மதி விடுமுறையில் சும்மா இருந்து மாற்றியது. திருத்திவிட்டேன், இப்போது உள்ளே விடுகிறது. ஆனால் அடுத்த கரைச்சல்: நான் வழக்கமாக எழுதும் தளத்தில் என் பழைய பதிவு ஒன்றும் இல்லை. புதுக் கணக்கு, வெறும் பக்கம். பெயருக்கு முன்னால் மூன்று டபிள்யூ ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

பழைய கை:
அந்த மூன்று டபிள்யூதான் வினை. இந்த முறையில் முகவரிதான் ஆள். டபிள்யூ இருந்தால் ஒருவர், இல்லாவிட்டால் இன்னொருவர். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு எழுத்தும் அடையாள அட்டையில் வேறு எழுத்தும் இருந்தால் கச்சேரிக்கு எத்தனை தரம் நடக்க வேண்டும் என்று யாழ்ப்பாணத்தில் யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. புது ஹோஸ்டிங், வருகிற எல்லாரையும் டபிள்யூ உள்ள முகவரிக்குத் திருப்பிவிடுகிறது போல. கொன்ட்ரோல் பனலில் அதை மறுபக்கமாக மாற்றுங்கள்: டபிள்யூவோடு வருபவரை டபிள்யூ இல்லாததற்கு, 301 ஆக.

திருநெல்வேலிச் சந்தி:
மாற்றினேன். கொம்பியூட்டரில் பக்கமே திறக்குதில்லை, சுற்றிச் சுற்றி வந்து நிற்கிறது. போனில் ஒழுங்காகத் திறக்கிறது. எனக்குத்தான் தலை சுற்றுகிறது.

பனங்கிழங்கு:
301 என்றால் நிரந்தரம். பிரவுசர் பழைய திருப்பலை மனதில் வைத்திருக்கிறது, சேர்வர் புதியதைச் சொல்கிறது, இரண்டும் பந்து எறிந்து விளையாடுகின்றன. பிரவுசர் சேமித்து வைத்த கேஷை அழியுங்கள்.

திருநெல்வேலிச் சந்தி:
வந்துவிட்டது! பழைய பதிவெல்லாம் அப்படியே இருக்கிறது. ஆனாலும் ஒரு சந்தேகம் அண்ணை. இவ்வளவு கரைச்சலுக்கு கூகுள் பொத்தானை அமத்திவிட்டுப் போகலாமே?

பழைய கை:
போகலாம், சுகம்தான். ஆனால் அங்கே அடையாளம் உங்களுடையது இல்லை, அவர்கள் தந்தது. 2005இல் லைவ்ஜேர்னல் என்ற வலைப்பதிவுத் தளத்துக்காக பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் ஓப்பின்ஐடியை, அதாவது இதே மாதிரி முகவரியால் உள்நுழையும் பழைய முறையைச் செய்த காலத்தில் இருந்து இதைப் பார்க்கிறேன். அந்த முறைக்கு முகவரி கொடுக்கும் மைஓப்பின்ஐடி என்று ஒரு சேவை இருந்தது, 2014 பெப்ரவரியில் மூடிவிட்டார்கள். அவர்கள் கொடுத்த முகவரியையே நேராகப் பாவித்தவர்கள் அந்தரித்தார்கள். நான் என் சொந்தப் பக்கத்தில் இரண்டு வரி எழுதி அவர்களைக் கைகாட்டி வைத்திருந்தேன். அந்த இரண்டு வரியை வேறு சேவைக்கு மாற்றியதோடு என் வேலை முடிந்தது. அடுத்த வருடம் கூகுளும் அந்தப் பழைய முறையை நிறுத்தியது. இப்போதுள்ள கூகுள் பொத்தான் ஓப்பின்ஐடி கனெக்ட். பெயர் ஒன்றுதான், சங்கதி வேறு.

ஆனால் இதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. டொமைன் காலாவதியாகி வேறொருவர் வாங்கினால், வாங்கியவர்தான் நீங்கள். உங்கள் டொமைன் யாருடைய பெயரில் பதிந்திருக்கிறது?

திருநெல்வேலிச் சந்தி:
இப்போதுதான் பார்த்தேன். முதலில் தளம் செய்து தந்த ஆளின் பெயர், அவருடைய ஈமெயில். புதுப்பிப்பதற்கான காசை மட்டும் நான்தான் கட்டுகிறேன். நாளைக் காலையே டவுனுக்குப் போய் அவரைப் பிடிக்கிறேன்.