அப்பத்தா வீடு குழு: தொட்டில் சீர்

சரவணன் அண்ணன்: விளக்குத்தூண் மெத்தைக் கடையில் நிற்கிறேன். இலவம்பஞ்சு மெத்தை, கடுகுத் தலையணை, ரெண்டு குட்டித் திண்டு, போர்வை, எல்லாம் சேர்த்து 2,400. முடிக்கவா?

செல்வி அத்தை: முடி. திண்டு நாலாக வாங்கு. காதுகுத்துக்குக் கொண்டுபோன சீரைச் சம்பந்தி வீட்டில் இன்னும் எண்ணுகிறார்கள்.

பெரியப்பா: அது எதற்கு இப்போது

மீனா: அண்ணே பணம் கொடுக்காதே. தலையணை, திண்டு, பஞ்சு மெத்தை எதுவும் வேண்டாம். பிரசவம் முடிந்து பிள்ளையோடு என்னை வீட்டுக்கு அனுப்பும்போதே டாக்டர் சொன்னார்.

செல்வி அத்தை: கடுகுத் தலையணை இல்லாமல் தலை எப்படி உருண்டையாகும்? உனக்கு நான்தான் தைத்தேன்.

வசந்தா அத்தை: அக்கா, கோபப்படாதே. 31 வருடம் ஊர் ஊராக நர்ஸாகப் போனவள் சொல்கிறேன். ஒரு வயது வரை தூங்கும் இடத்தில் தலையணை, திண்டு, தளர்ந்த போர்வை, பொம்மை எதுவும் இருக்கக்கூடாது. மெத்தை கையால் அழுத்தினால் குழி விழாத மாதிரி கெட்டியாக, சமமாக இருக்க வேண்டும், மேலே இறுக்கி விரித்த ஒரு துணி போதும். பகலோ இரவோ மல்லாக்கத்தான் போட வேண்டும், ஏனென்றால் முகம் பஞ்சில் புதைந்தால் விட்ட மூச்சையே திரும்ப இழுக்கும், தலையைத் திருப்பக் கழுத்தில் வலு இருக்காது. அமெரிக்காவில் 1994இல் மல்லாக்கப் போடுங்கள் என்று பிரசாரம் ஆரம்பித்தார்கள், அதன் பிறகு தூக்கத்திலேயே இறக்கும் குழந்தைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தார்கள். 2 மாதத்திலிருந்து 4 மாதம் வரைதான் ரொம்பக் கவனம். தலை தட்டையாகாமல் இருக்க, முழித்திருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கொஞ்ச நேரம் குப்புறப் போடு மீனா.

முருகன் மாமா: வேன் 12 பேருக்கா 18 பேருக்கா?

பெரியப்பா: பால் கக்கினால் புரையேறாதா வசந்தா?

வசந்தா அத்தை: இல்லை அண்ணே. மல்லாக்கப் படுத்தால் மூச்சுக்குழாய் மேலே, உணவுக்குழாய் கீழே. கக்கியது மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போவது கஷ்டம். குப்புறப் படுத்தால்தான் பயம்.

செல்வி அத்தை: அப்பத்தா பக்கத்தில் இருக்கிறார், சொல்லச் சொல்கிறார். எட்டுப் பிள்ளையும் தூளியில்தான் வளர்ந்ததாம்.

பெரியப்பா: எட்டு இல்லை, ஏழு. எனக்கு அடுத்தது ஐம்பதாம் நாள் காலையில் எழவில்லை. காற்றுக் கருப்பு என்றார்கள்.

வசந்தா அத்தை: அம்மாவின் தப்பு இல்லை அண்ணே. அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டாதே அக்கா.

செல்வி அத்தை: சரி

மீனா: தூளியில் முதுகு வளைந்து தாடை நெஞ்சில் இடிக்கிறது, எனக்குப் பயமாக இருக்கிறது. சடங்குக்குப் போட்டு உடனே எடுத்துவிடலாமா? ராத்திரி என் கட்டிலை ஒட்டித் தனித் தொட்டிலில் போடுகிறேன்.

வசந்தா அத்தை: அதுதான் சரி. ஆறு மாதமாவது உன் அறையிலேயே இருக்கட்டும், உன் படுக்கையில் வேண்டாம். சாம்பிராணி பக்கத்து அறையில். அத்தான், சிகரெட் குடித்த சட்டையோடு பிள்ளையைத் தூக்காதீர்கள்.

முருகன் மாமா: 18 சொல்லிவிடுகிறேன்

சரவணன் அண்ணன்: கடைக்காரர் கேட்கிறார். வெறும் மரத்தொட்டிலும் கெட்டி மெத்தையும்?

செல்வி அத்தை: தொட்டில் வெறுமையாக இருந்தால் சபையில் நன்றாகவா இருக்கும்? திண்டைத் தட்டில் வைத்துக் கொண்டுபோகலாம்.

மீனா: தட்டில் சரி. தொட்டிலுக்குள் இல்லை.

சரவணன் அண்ணன்: திண்டு எத்தனை?