எம்.பி.ஏ. படிக்கலாமா, வேண்டாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். மென்பொருள் துறையில் வேலை பார்க்கிறேன். எம்.பி.ஏ. படிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியாமல் தவிக்கிறேன். படித்தவர்கள், படிக்காமலே மேலே வந்தவர்கள், இரு தரப்பும் பேசுங்கள்.

ஆசை வந்த காரணம் இதுதான். திட்டங்களுக்கு ஒப்புதல் தரும் கூட்டத்தில் நிதிப் பிரிவினர் எக்செல் தாளைத் திறந்து, நிகர நடப்பு மதிப்பு (NPV, அதாவது திட்டத்தின் எதிர்கால வரவு செலவுகளின் இன்றைய நிகர மதிப்பு) என்று ஒரு எண்ணைக் காட்டுவார்கள். அது மைனஸில் இருந்தால் திட்டம் அவ்வளவுதான். எதிர்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்க என்ன தள்ளுபடி விகிதம் போட்டார்கள், ஏன் அதைப் போட்டார்கள் என்று எதிர்க்கேள்வி கேட்கும் அளவுக்கு எனக்குத் தெரிய வேண்டும். ஆனால் அதற்கு ஒரு முழுப் பட்டம் தேவையா? நல்ல பாடநூலும் ஆன்லைன் வகுப்பும் போதாதா?

கட்டணத்தைவிட, இரண்டு வருடச் சம்பளம் கைவிட்டுப் போவதுதான் எனக்குப் பெரிய பயம். பிரான்ஸில் உள்ள இன்சியாட் (INSEAD) மேலாண்மைக் கல்லூரியில் 10 மாதத்தில் முடித்துவிடலாம். ஆனால் துறை மாற நினைப்பவர்களுக்கு இரண்டு வருடப் படிப்பின் நடுவே வரும் இன்டர்ன்ஷிப்தான் கைகொடுக்கும் என்கிறார்கள். அது உண்மையா?

வேலையை விடாமல் எக்சிகியூட்டிவ் எம்.பி.ஏ. முடித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? வார இறுதி வகுப்புகளை வீட்டோடு எப்படிச் சமாளித்தீர்கள்?

அப்புறம், எம்.பி.ஏ. சேர்க்கைக்கு எழுதும் ஜிமேட் (GMAT) தேர்வின் மதிப்பெண் 5 வருடம் செல்லும். தேர்வை மட்டும் இப்போதே எழுதி வைப்பது புத்திசாலித்தனமா? அல்லது முடிவு தெளிவாகாமல் அதில் இறங்குவது வீண் உழைப்பா?