பீர் அட்டைப்பெட்டிக்கு விலை குறைவாகப் போட்டுவிட்டார்கள், என்ன செய்வது?

வணக்கம். சிங்கப்பூரில் இருக்கிறேன். வீட்டுப் பக்கத்துக் கடையில் இரண்டு வாரத்துக்கு முன் 24 டின் பீர் அட்டைப்பெட்டி ஒன்று வாங்கினேன். வீட்டுக்கு வந்து ரசீதைப் பார்த்தால் 16 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்)! அது ஆறு டின் கட்டின் விலை. வழக்கமாக அந்தப் பெட்டி 60 வெள்ளிக்கு மேல். சரி, நம் அதிர்ஷ்டம் என்று விட்டுவிட்டேன்.

பிரச்சினை அதற்கப்புறம்தான். போன சனிக்கிழமை வேண்டுமென்றே போய் இரண்டு பெட்டி எடுத்தேன். இரவு பத்தரைக்கு மேல் விற்க மாட்டார்களே என்று ஓட்டமும் நடையுமாகப் போனதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அதே விலைதான் விழுந்தது.

முதல் தடவை தெரியாமல் நடந்தது. இரண்டாவது? 2003இல் இங்கே ஓர் இணையக்கடை 3,854 வெள்ளி பிரிண்டரை 66 வெள்ளி என்று போட்டுவிட, ஆறு பேர் 1,606 பிரிண்டர்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். தவறு என்று தெரிந்தே வாங்கினார்கள், ஒப்பந்தம் செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் 'தெரிந்தே'தான் உறுத்துகிறது.

திரும்பப் போய்ச் சொன்னால் கல்லாவில் இருக்கும் வயதான அன்ட்டி தலையில் பழி விழுமோ என்று பயம். மனைவியோ, "அவங்க கூடுதலா போட்டா சும்மா இருப்பீங்களா?" என்கிறாள்.

கடையில் வேலை பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்: இப்படிக் குறைந்தால் கல்லாக்காரர் சம்பளத்தில் பிடிப்பார்களா? மேலாளரிடம் நேராகப் போகலாமா? ஒரு பெட்டி இன்னும் பிரிக்கவில்லை.