அமெரிக்கன் ஹிஸ்டரி எக்ஸ்: தம்பியோடு பார்க்கலாமா?

கோத்தகிரிக்காரன்: மூன்று நாளாக மழை, வெளியே தலை காட்ட முடியவில்லை. காலேஜ் படிக்கிற தம்பி 1998-ல் வந்த, வெள்ளை இனவெறியன் ஒருவன் சிறைக்குப் போய் மனம் மாறுகிற இந்தப் படத்தைப் போடச் சொல்கிறான். அவன் போனில் சாதிப் பெருமை ரீல்ஸாகவே ஓடுகிறது, அதனால் நானும் சரி என்றேன். ஆனால் அம்மாவும் அதே அறையில்தான் கணப்புச் சட்டி பக்கத்தில் இருப்பார். பார்க்கலாமா?

குன்னூர் அக்கா: அம்மாவோடு வேண்டவே வேண்டாம் தம்பி. நடைபாதையில் ஒரு கொலை வரும், நான் ஸ்வெட்டரை முகத்துக்கு மேலே இழுத்துக்கொண்டேன். சிறையில் ஒரு வன்கொடுமைக் காட்சியும் உண்டு.

ஊட்டி ரசிகன்: தம்பியோடு கண்டிப்பாகப் பாருங்கள் அண்ணே. பழைய கதை கறுப்பு வெள்ளையில், இப்போது நடப்பது கலரில். அந்த இனவெறியனாக வரும் எட்வர்ட் நார்ட்டன் யார் பிரசங்கத்தையும் கேட்டு மாறவில்லை, சிறைச் சலவைக்கூடத்தில் கூட வேலை பார்க்கும் கறுப்பினத்தவர் ஒருவர் துணியை வைத்துக்கொண்டு அடிக்கிற கூத்தைப் பார்த்து சிரிப்பை அடக்கி அடக்கி, அப்புறம் முடியாமல் சிரித்துவிடுகிறாரே, அங்கேதான் ஆரம்பம். மூன்று வருஷச் சிறையில் அவ்வளவு மாற்றம் கொஞ்சம் அவசரம்தான்.

குன்னூர் அக்கா: 2018-ல் வந்த ஸ்கின் இன்னும் நிதானமான படம், இனவெறிக் கும்பலை விட்டு வெளியே வந்த ஒருவரின் உண்மைக் கதை. முகத்தில் குத்திய பச்சையை லேசரில் எடுப்பதைப் பார்க்கவே எரியும்.

கோத்தகிரிக்காரன்: சரி அக்கா, அம்மா தூங்கின பிறகு போடுகிறேன். கரண்ட் இருந்தால்.