புதுப்பிப்பு: ஹிமாலயன் 411-இலிருந்து 450-க்கு மாறிய பின் பராமரிப்புச் செலவு

என் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக்கை விற்று, அதன் அடுத்த மாடலான 450 வாங்கினால் பராமரிப்புச் செலவு எவ்வளவு கூடும் என்று முன்பு கேட்டிருந்தேன். வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி. சர்வீஸ் ரசீதை மட்டும் பார்க்காமல், டயர், செயின், பிரேக் பேடு எல்லாவற்றையும் கூட்டி, ஓடிய கிலோமீட்டரால் வகுக்கச் சொன்ன நண்பரின் யோசனையே பயன்பட்டது. அப்படிக் கணக்கிட்டதில் ஆயில் செலவில் பெரிய வேறுபாடில்லை. 120/90-17 அளவுப் பின்டயருக்குப் பதில் அதைவிட அகலமான 140/80-17 வந்ததால் டயரில்தான் கூடியது. 411-க்குத் தேவைப்படாத, என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் இப்போது சிறு செலவாகச் சேர்ந்துள்ளது.

எதிர்பாராதது பிரேக் பேடு. தருமபுரியிலிருந்து சேலத்துக்கு வாரந்தோறும் தொப்பூர் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் பிரேக்கை மிதித்தபடியே இறங்கியதில், பின்சக்கரத்துப் பேடு நகக்கனத்துக்குத் தேய்ந்திருந்தது; குற்றம் வண்டியுடையதன்று, என் காலுடையது. இப்போது கியரைக் குறைத்தே இறங்குகிறேன்.