தம்பிய போலீஸ் பிடிச்சிட்டு போயிடுவாங்களா?

செங்காங்அக்கா: தம்பிக்கு ஸ்கிட்சோஃப்ரீனியாங்கிற மனநோய், கொஞ்ச நாளா மருந்த தொடவே மாட்டேங்குறான், ராத்திரி முழுக்க கதவுக்கு நாற்காலிய முட்டுக் கொடுத்துட்டு முழிச்சிருக்கான். 2024ல சிங்கப்பூர்ல மனநோயாளிங்கள போலீஸ் பிடிக்கிற சட்டத்த மாத்திட்டாங்களாமே, சும்மாவே கூட்டிட்டுப் போயிடுவாங்களா? பயமா இருக்கு.

ஈசூன்வாசி: சும்மாலாம் முடியாதுக்கா. யாருக்காவது ஆபத்து வர நியாயமான வாய்ப்பு இருக்கணும், அது மனநோயாலன்னு சந்தேகமும் இருக்கணும். முன்னாடி ஆபத்து உடனே வரப்போகுதுன்னாதான் பிடிக்கலாம்னு கோர்ட் சொல்லிருந்துச்சு, கத்திய தூக்குற வரைக்கும் வீட்ல உள்ளவங்க காத்திருக்கணுமா சொல்லுங்க? மாத்தினது சரிதான்.

மலர்: பிடிச்சாலும் மனநலக் கழகத்துல (IMH மருத்துவமனை) டாக்டர் பார்த்துதான் 72 மணி நேரம் வரைக்கும் வைக்கலாம், அதுக்கு மேலன்னா இன்னொரு டாக்டரும் பாக்கணும், அப்ப முதல்ல ஒரு மாசம் வரைக்கும் வைக்கலாம். அக்கா, அவங்களோட உதவி எண் 6389 2222க்கு இப்பவே அடிங்க, ராத்திரியும் எடுப்பாங்க.